த்ராஷர்ஸ் தேறிவிடும் என்று நீங்கள் நம்பிய நாள் எது?

நீலச்சட்டை

என்.எச்.எல். என்ற ஐஸ் ஹாக்கி லீகில் ஆடிய நம் அட்லாண்டா த்ராஷர்ஸ் அணியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். பதினோரு சீசன் ஆடினார்கள், ஒரே முறை கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றுக்குப் போனார்கள், அங்கே நான்கு ஆட்டமும் தோற்றார்கள், 2011இல் அணி கனடாவின் வின்னிபெக்குக்குப் போய்விட்டது. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அந்தப் பதினோரு சீசனும் டிக்கெட் வாங்கிப் போய் உட்கார்ந்திருந்தவனுக்கு அது அந்த இரண்டு வரி இல்லை. நடுநடுவே "இந்த வருடம் தேறிவிடும்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்த இரவுகள் இருந்தன. சில சமயம் அந்த நம்பிக்கை இரண்டு மாதம் தாங்கும். சில சமயம் அடுத்த ஆட்டம் வரைக்கும்தான்.

அந்த நாட்களை இங்கே சேர்க்கலாம் என்று ஆசை. யார் கெடுத்தார்கள் என்ற பேச்சு எப்படியும் வரும், வரட்டும். முதலில் ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்: நீங்கள் உண்மையாகவே நம்பியது எப்போது?

என்னுடையது 2006 வசந்தம். இலியா கோவல்சுக் 52 கோல், 98 புள்ளி (அடித்த கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து). மார்க் சவார்ட் 97. மரியன் ஹோசா 92. மூன்று பேர் 90 புள்ளியைத் தாண்டிய அணி நம்முடையது! எதிரணி ஆள் தண்டனையில் வெளியே போய்ப் பவர் பிளே கிடைத்தால் சவார்ட் ஓரத்தில் பக்கை, அதாவது அந்த ரப்பர் வட்டை, வைத்துக்கொண்டு அவசரமே இல்லாமல் நிற்பார். கோவல்சுக் இடப்பக்க வட்டத்தில் மட்டையை ஓங்கிக் காத்திருப்பார். பக் அங்கேதான் போகப்போகிறது என்று எதிரணிக்குத் தெரியும், கோல்கீப்பருக்குத் தெரியும், மேல் அடுக்கில் இருந்த எனக்கும் தெரியும். தெரிந்தும் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசி வாரம் வரை ஒரு தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அணிக்கு வெற்றிக்கு இரண்டு, கூடுதல் நேரத் தோல்விக்கு ஒன்று என்ற கணக்கில் நாம் 90 புள்ளி. பிளே-ஆஃபுக்குள் நுழையும் கடைசி இடமான எட்டாம் இடத்தைப் பிடித்த டாம்பா பே 92. இரண்டே புள்ளி.

தாமரை_டெகேட்டர்

இப்படி ஓர் இழைக்கு எத்தனை வருடமாகக் காத்திருந்தேன் தெரியுமா!

நான் இன்னும் பின்னால் போகிறேன். எனக்கு 2001 இலையுதிர்காலம். அதற்கு முந்தைய இரண்டு வருடங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் சீசனில் 14 வெற்றி, மொத்தமே 39 புள்ளி. 1999இல், இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் டிராஃப்டில், அத்தனை அணிகளுக்கும் முன்னால் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது, பாட்ரிக் ஸ்டெஃபானை எடுத்தோம். அடுத்த இரண்டு இடத்தில் வான்கூவர் எடுத்தது செடீன் இரட்டையர்களை. இதைச் சொல்லி ஸ்டெஃபானை இன்றைக்கும் திட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பதினெட்டு வயதுப் பையன், இங்கே வருவதற்கு முன்பே தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி கண்டவன், புது அணியின் மொத்தச் சுமையையும் அவன் தலையில் வைத்தார்கள். அவன் கேட்டா முதலிடத்தில் வந்தான்?

சரி, 2001க்கு வருகிறேன். அந்த வருடம்தான் டேனி ஹீட்லியும் இலியா கோவல்சுக்கும் ஒன்றாக அறிமுகமானார்கள். எனக்கு அப்போது ஆஃப்சைடு என்றால் என்ன, ஐசிங் என்றால் என்ன என்று எதுவும் தெரியாது. வேலை முடிந்து மார்ட்டா ரயிலில் நேராக அரங்கத்துக்குப் போய்விடுவேன், பக்கத்து இருக்கைக்காரர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த சீசனில் நாம் ஜெயித்தது 19 ஆட்டம்தான். ஆனால் இவர்கள் இரண்டு பேரும் களத்தில் இறங்கினால் பாப்கார்ன் வாங்கப் போனவர்கள் ஓடி வந்து உட்காருவார்கள். சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது ஹீட்லிக்கு, இரண்டாம் இடம் கோவல்சுக்குக்கு. முதல் இரண்டும் நம் வீட்டுப் பிள்ளைகள். அணி அடிமட்டத்தில் கிடந்தபோதுதான் நான் அதிகம் நம்பினேன். வயது அவர்கள் பக்கம் இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

மூன்றாம்வரிசை

நீலச்சட்டை அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். 2006 தவறவிட்ட வருடம். அதைப் போய் நம்பிக்கை என்றால் எப்படி? நம்பிக்கை என்றால் 2006–07தான். 43 வெற்றி, 97 புள்ளி, தென்கிழக்குப் பிரிவில் முதலிடம். அட்லாண்டா என்ற பெயர் பட்டியலின் உச்சியில் இருந்தது. ஹோசா 43 கோல், சரியாக 100 புள்ளி. த்ராஷர்ஸ் சட்டையில் நூறைத் தொட்டது அவர் ஒருவர்தான்.

எல்லோரும் கோவல்சுக் கோவல்சுக் என்கிறார்கள். எனக்கு ஹோசாதான். தன் கோலை நோக்கி அவர் திரும்பி ஓடி வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? எதிரணி ஆள் தனியாக பக்கைத் தள்ளிக்கொண்டு போவான், பின்னால் யாரும் இல்லை என்று நினைப்பான், எங்கிருந்தோ ஹோசாவின் மட்டை வந்து பக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடும். நூறு புள்ளி எடுக்கிறவன் அந்த வேலையும் செய்தான்.

முதல் பிளே-ஆஃப் ஆட்டத்துக்கு அரங்கம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வராது. முகம் தெரியாதவர்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். ஆட்டம் தொடங்கவே இல்லை, அதற்குள்!

நீலச்சட்டை

தம்பி, கோபமெல்லாம் இல்லை. ஆனால் 2006ஐ ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று கேள்.

அந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே காரி லெஹ்டனனுக்கு இடுப்புப் பக்கத் தசை பிடித்துக்கொண்டது. 2002 டிராஃப்டில் இரண்டாவதாக எடுத்த கோல்கீப்பர். 2004–05 சீசனையே ரத்தாக்கிய கதவடைப்புக்கு முந்தைய சீசன் கடைசியில் நான்கு ஆட்டம் ஆடி நான்கையும் ஜெயித்துக் காட்டியவர். "அடுத்த பத்து வருடத்துக்கு கோல்கம்பிகளுக்கு நடுவே கவலை இல்லை" என்று நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வர ஜனவரி ஆகிவிட்டது. அதற்குள் மைக் டனமுக்கும் காயம். மைக்கேல் கார்னெட், ஸ்டீவ் ஷீல்ட்ஸ், ஆடம் பெர்கோல் என்று வரிசையாக இறக்கினார்கள். ஒரே சீசனில் ஐந்து கோல்கீப்பர்கள். அப்படியிருந்தும் இரண்டு புள்ளிதான் குறைந்தது.

இப்போது சொல். லெஹ்டனன் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் நின்றிருந்தால்? 2007இல் பிரிவில் முதலிடம் வந்தோம், சரி. ஆனால் சவார்ட் அதற்கு முந்தைய கோடையிலேயே பாஸ்டனுக்குப் போய்விட்டார். பக்கைக் கொண்டுவந்து கொடுக்கிற ஆள் இல்லாத அணி அது. 2006 அணிதான் நல்ல அணி. தேறாமல் போனது ஒரு தசையால்.

ரொறன்ரோ_பெடியன்

உள்ளே வரலாமா? நான் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் ஆள். ஸ்காபுரோவில் வளர்ந்தவனுக்கு வேறு வழியில்லை. ஆனால் அண்ணை சொன்ன அந்த 2006ஐப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

அந்த சீசனை நாங்கள் முடித்தது எப்படித் தெரியுமா? 41 வெற்றி, 33 தோல்வி, 8 கூடுதல் நேரத் தோல்வி, 90 புள்ளி. நீங்கள்? அதே 41, 33, 8, அதே 90. இரண்டு அணியும் டாம்பா பேக்குப் பின்னால் அதே இரண்டு புள்ளியில் வெளியே நின்றோம். இங்கே அதை ஒரு துக்க வீடு மாதிரிக் கதைத்தார்கள். ஆனால் அடுத்த ஒக்டோபரில் ஒரு இருக்கைகூட காலியாக இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நிச்சயம் உங்களுக்கு இருக்கவில்லை. ஒரே புள்ளி, ஒரே தோல்வி, ஆனால் உங்களுக்குத்தான் அது உயிர் போகிற விஷயம். அதை நான் பல வருடம் கழித்துத்தான் யோசித்துப் பார்த்தேன்.

இன்னொன்று. உங்கள் ஆட்டக்காரர் டான் ஸ்னைடரின் ஊர் எல்மைரா. எங்களுக்கு மேற்கே, வாட்டர்லூ பக்கம். 2003இல் அவர் இறந்தபோது இங்கே எல்லாச் செய்தியிலும் அதுதான். நீங்கள் யாரும் இன்னும் அதைத் தொடவில்லை. தொட விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கோ.

தாமரை_டெகேட்டர்

இல்லை தம்பி, அதைச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது. எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

2003 பிப்ரவரியில் லீகின் நட்சத்திரங்கள் ஆடிய ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஹீட்லி நான்கு கோல் அடித்து, ஒரு ஆட்டத்தில் அதிகக் கோல் என்ற சாதனையைச் சமன் செய்தார். சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அவருக்கு அப்போது 22 வயது. அந்த சீசனை 41 கோல், 89 புள்ளி என்று முடித்தார். ஜனவரியில் பாப் ஹார்ட்லி பயிற்சியாளராக வந்த பிறகு அணியும் நிமிர்ந்துவிட்டது. முந்தைய வருடம் 54 புள்ளி எடுத்த அணி 74 எடுத்தது. அந்தக் கோடை முழுக்க என் கணவரிடம் "அக்டோபர் வரட்டும், பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 29 இரவு ஹீட்லி ஓட்டிய கார் விபத்தில் சிக்கியது. பக்கத்து இருக்கையில் ஸ்னைடர். ஆறு நாள் நினைவு திரும்பாமல் கிடந்து அக்டோபர் 5 அன்று போய்விட்டார். 25 வயது. கோவல்சுக் மாதிரி கோல் அடிக்கிற ஆள் இல்லை அவர். மைனர் அணியில் ஆடி ஆடி, உடம்பை வருத்தி, கடைசியில் ஓர் இடத்தைப் பிடித்தவர். 37ஆம் எண்.

சில நாளில் சீசனின் முதல் ஆட்டம். கொலம்பஸுக்கு எதிராக, நம் அரங்கத்தில். ஜெயித்தோம். அந்த வெற்றியில் யாரும் கத்தவில்லை, எழுந்து நின்று கைதட்டினோம், நிறுத்தவே முடியவில்லை. ஸ்னைடரின் பெற்றோர் ஹீட்லியை மன்னித்தார்கள். அவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டாம் என்று நீதிமன்றத்திலும் கேட்டுக்கொண்டார்கள். பெற்ற பிள்ளையை இழந்தவர்கள். நான் அம்மாவான பிறகு அதை நினைத்தால் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

2005இல் ஹீட்லி வேறு ஊர் கேட்டார், ஒட்டாவாவுக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு வந்தவர்தான் ஹோசா. மூன்றாம்வரிசை, உனக்குப் பிடித்த அந்த நூறு புள்ளிக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. எனக்கு 2006உம் 2007உம் அந்த இரவிலிருந்துதான் தொடங்குகின்றன.

மூன்றாம்வரிசை

அக்கா, எனக்கு அப்போது 11 வயது. ஹோசா வந்த பிறகுதான் பார்க்கத் தொடங்கினேன். இந்த வரிசை தெரியாமலேயே இத்தனை வருடம் அந்தச் சட்டையைப் போட்டிருக்கிறேன்.

கோல்கம்பி

எல்லாவற்றையும் படித்தேன். மனசு கனத்துப்போனது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்பிக்கை, நம்பிக்கை என்கிறீர்கள். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் அணியின் நாளைகளை ஒவ்வொன்றாக விற்றார்கள். 2007ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். பிளே-ஆஃப் கண்ணில் தெரிந்ததும் ஜெனரல் மேனேஜர் டான் வாடெல் என்ன செய்தார்? பிரேடன் கோபர்னை பிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து அலெக்சி ஜிட்னிக்கை வாங்கினார். கோபர்ன் இளம் டிஃபன்ஸ்மேன் (பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்), அங்கே போய் வருடக்கணக்கில் தூணாக நின்றார். டிராஃப்டில் நமக்கு இருந்த முதல் சுற்றுத் தேர்வு, இரண்டாம் சுற்றுத் தேர்வு எல்லாவற்றையும் செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்து கீத் கச்சக்கை வாங்கினார். கச்சக் கோடையில் செயின்ட் லூயிஸுக்கே திரும்பிப் போய்விட்டார். எதற்காக? நான்கு ஆட்டத்துக்காக.

நியூயார்க் ரேஞ்சர்ஸ் நம்மை ஜெயித்தது 4–3, 2–1, 7–0, 4–2. முதல் இரண்டும் ஒரு கோல் வித்தியாசம், அதுவும் நம் மைதானத்தில். முதல் ஆட்டத்துக்கு லெஹ்டனன், இரண்டாவதற்கு யோஹன் ஹெட்பெர்க் என்று கோல்கீப்பரை மாற்றினார்கள். மூன்றாவதில் நியூயார்க்கில் மைக்கேல் நைலாண்டர் மூன்று கோல் அடித்தார், அதோடு முதுகெலும்பு முறிந்தது.

அடுத்த சீசன் முதல் ஆறு ஆட்டமும் தோல்வி. ஹார்ட்லியை நீக்கினார்கள். பிப்ரவரியில் ஹோசாவை பிட்ஸ்பர்குக்கு அனுப்பினார்கள். பிரிவு சாம்பியன் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

நான் இந்த அணியை வெறுப்பவன் இல்லை. 2000இலிருந்து வந்தவன். கிடைத்த ஒவ்வொரு நல்ல நாளும் ஆறு மாதத்தில் பிடுங்கப்பட்டது என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன்.

நீலச்சட்டை

கோல்கம்பி சார், நீங்கள் சொன்ன எதையும் மறுக்க மாட்டேன். கோபர்ன் போனபோது நானும் கத்தினேன். ஆனால் ஒன்று. அந்த மாதம் வாடெல் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால்? ஏழு வருடம் பிளே-ஆஃப் வாசலையே பார்க்காத ஊர். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் "ஆசையே இல்லாத மனிதர்" என்று நாமே சொல்லியிருப்போம். தப்பான விலை கொடுத்தார். ஆனால் கொடுக்க நினைத்தது தப்பில்லை.

கோல்கம்பி

அதை ஒத்துக்கொள்கிறேன். ஏனென்றால் வாடெலுக்கு மேலே இருந்தவர்கள்தான் எனக்கு உண்மையான வருத்தம்.

2004இல் டைம் வார்னரிடமிருந்து கூடைப்பந்து அணி ஹாக்ஸ், த்ராஷர்ஸ், அரங்கத்தை நடத்தும் உரிமை மூன்றையும் சேர்த்து வாங்கியது அட்லாண்டா ஸ்பிரிட் என்ற குழு. அடுத்த வருடமே பங்காளிகளுக்குள் ஒரு கூடைப்பந்து ஆட்டக்காரரை வாங்குவது பற்றிச் சண்டை வந்து கோர்ட்டுக்குப் போனது. அந்த வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. 2011 ஜனவரியில் இன்னொரு வழக்கில் அவர்கள் தாக்கல் செய்த மனுவில் என்ன இருந்தது தெரியுமா? 2005இலிருந்தே த்ராஷர்ஸை விற்கப் பார்த்தார்களாம், 13 கோடி டாலர் நஷ்டமாம்.

2005! நீலச்சட்டை தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த 2006க்கும் முன்னால். மூன்றாம்வரிசையை யாரோ கட்டிப்பிடித்த 2007க்கும் முன்னால். நாம் "தேறிவிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் வீட்டு வாசலில் "விற்பனைக்கு" என்ற பலகை நமக்குத் தெரியாத பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. "அட்லாண்டாவில் ஹாக்கி எடுபடாது, ரசிகர்கள் வரவில்லை" என்று இன்றைக்கும் சொல்கிறார்களே, விற்பதற்காகவே வைத்திருந்த கடைக்கு எத்தனை பேர் வருவார்கள்?

தாமரை_டெகேட்டர்

இதைப் படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஊரைச் சொல்கிறவர்களுக்கு ஒன்று. இந்த ஊருக்கு இது இரண்டாவது முறை. 1972இல் ஃபிளேம்ஸ் என்ற ஹாக்கி அணி வந்தது, எட்டே சீசன், 1980இல் கால்கரிக்குப் போய்விட்டது. எட்டில் ஆறு முறை பிளே-ஆஃப் போன அணி. கால்கரியில் துணை கேப்டன்கள் சட்டையில் இன்றைக்கும் அட்லாண்டாவின் அந்தத் தீப்பிடித்த முதல் எழுத்தைப் பார்க்கலாம். எனக்குப் பக்கத்து இருக்கைப் பெரியவர் ஃபிளேம்ஸ் காலத்திலிருந்து வருகிறவர். எனக்கு ஐசிங் சொல்லிக்கொடுத்தது அவர்தான். 2007இல் ரேஞ்சர்ஸ் நம்மை வெளியேற்றியபோது அவர் சொன்னார், 1980இல் ஃபிளேம்ஸின் கடைசித் தொடரும் ரேஞ்சர்ஸிடம்தான் தோற்றது என்று. நான்கு வருடம் கழித்துத்தான் அந்தப் பேச்சின் அர்த்தம் எனக்கு முழுதாகப் புரிந்தது. அந்தப் பெரியவருக்கு இரண்டு முறை நடந்தது. அவரிடம் போய் "ரசிகர்கள் வரவில்லை" என்று சொல்வார்களா?

பாவெலெக்_கையுறை

இத்தனை கனமாகப் போகிறது, நான் ஒரு நல்ல நாளைக் கொண்டுவருகிறேன்.

2010–11. கடைசி வருடம். முதல் ஆட்டத்திலேயே கோல்கீப்பர் பாவெலெக் நின்ற இடத்தில் மயங்கி மல்லாக்க விழுந்தார். யாரும் மோதவில்லை, பக் அந்தப் பக்கமே இல்லை. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். வாஷிங்டனுக்கு எதிரான அந்த ஆட்டத்தை ஜெயித்தோம். சில வாரத்தில் பாவெலெக் திரும்பி வந்து வாழ்க்கையிலேயே சிறந்த ஆட்டத்தை ஆடத் தொடங்கினார்.

அந்த சீசனுக்கு முந்தைய ஏப்ரலில்தான் ரிக் டட்லி ஜெனரல் மேனேஜர் ஆனார். சிகாகோ அந்த ஜூனில்தான் லீகின் ஸ்டான்லி கோப்பையை ஜெயித்திருந்தது, சம்பள வரம்பு இடித்ததால் ஆட்களை விட்டாக வேண்டிய நிலை. டஸ்டின் பஃப்லின், ஆண்ட்ரூ லாட், பிரென்ட் சோப்பெல், பென் ஈகர் நால்வரையும் கொண்டுவந்தார். (ஹோசா கடைசியில் கோப்பையைத் தூக்கியதும் அதே சிகாகோ அணியில்தான். அவர் கூடத் தூக்கியவர்கள் அவர் விட்டுப்போன ஊருக்கு வந்தார்கள்.) பஃப்லினை முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு மாற்றினார்கள். அவ்வளவு பெரிய உடம்பு, அந்த வேகத்தில் பின்னாலிருந்து கிளம்பி வந்தால் யார் நிறுத்துவது? நவம்பர் கடைசியில் வரிசையாக ஜெயித்தோம். டிசம்பரில் பிரிவின் உச்சியை எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தோம்.

அப்புறம் என் நாள். டிசம்பர் 18, நியூ ஜெர்சி. கோவல்சுக் பத்து மாதத்துக்கு முன்னால் நம்மை விட்டுப் போய்ச் சேர்ந்த அணி. 12 வருடம், 10 கோடியே 10 லட்சம் டாலர் என்று நம்மவர்கள் நீட்டியதாகப் பேச்சு, அவர் வேண்டாம் என்றதும் டிரேட் செய்தார்கள். நமக்காக 328 கோல் அடித்த மனிதர். அவர் போன அணியை 7–1 என்று அடித்தோம். அதில் மூன்று கோல் யாருடையது? எரிக் போல்டன்! சண்டைக்கென்றே அணியில் இருந்தவர். வருடத்துக்கு இரண்டு மூன்று கோல் வந்தாலே பெரிய விஷயம். மற்றவர்கள் அடிபடாமல் இருக்க இவர் முகத்தில் குத்து வாங்குவார், அதுதான் வேலை. ஒருவர் மூன்று கோல் அடித்தால் ரசிகர்கள் தொப்பியை எறிவது ஹாக்கி வழக்கம்; மூன்றாவது கோல் விழுந்தபோது தொப்பிகள் பறந்து வந்து பனிக்களம் நிறைந்துவிட்டது. நானும் தொப்பியை எறிந்தேன். புதுத் தொப்பி. இன்றைக்கும் வருத்தமில்லை.

கோவல்சுக் இல்லாமலே நம்மால் முடியும் என்று அந்த ஓர் இரவு முழுக்க நம்பினேன்.

மூன்றாம்வரிசை

போல்டன்! அந்த ஆட்டம் தொலைக்காட்சியில் பார்த்தேன். அவர் பெஞ்சுக்குத் திரும்பி வந்தபோது மற்ற ஆட்டக்காரர்களின் முகத்தைப் பார்த்தீர்களா? தாங்களே அடித்த மாதிரிச் சந்தோஷம்.

கோவல்சுக்குக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அநியாயம். 2006 ஜனவரி, பிட்ஸ்பர்க் ஆட்டம். சிட்னி கிராஸ்பி தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார், அது அவருடைய முதல் சீசன், நாடே அவரைப் பற்றித்தான் பேசுகிறது. அந்தப் பவர் பிளேயில் கோல் அடித்துவிட்டு கோவல்சுக் நேராகப் பெட்டியைப் பார்த்து விரலை நீட்டினார். திமிர் என்றார்கள். சின்னப் பையனான எனக்கு, என் ஊரும் ஒரு ஊர்தான் என்று யாரோ உலகத்துக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

வடக்குக்காற்று

வணக்கம். நான் இருப்பது வின்னிபெக். உங்கள் இழையில் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

2011 மே 31 அன்று இங்கே தெருவில் இறங்கி ஆடினார்கள். நானும் ஆடினேன். எங்களுக்கும் 1996இல் ஓர் அணி பறிபோயிருந்தது, ஃபீனிக்ஸுக்கு. பதினைந்து வருடம் கழித்துத் திரும்பக் கிடைத்தபோது அது யாரிடமிருந்து வருகிறது என்று நினைக்கத் தோன்றவில்லை. 17 கோடி டாலர், அதில் 6 கோடி லீகுக்கு இடமாற்றக் கட்டணம் என்று எண்களாகத்தான் படித்தோம். பறிகொடுத்த வலி தெரிந்த ஊர்தான் எங்களுடையது. தெரிந்தும் அன்றைக்கு உங்களை நினைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த அணிக்கு வரலாற்றில் முதல் பிளே-ஆஃப் வெற்றி எப்போது கிடைத்தது தெரியுமா? 2007இல் நான்கும் தோல்வி, இங்கே வந்து 2015இல் அனஹைமிடம் நான்கும் தோல்வி. 2018 ஏப்ரலில்தான் மினசோட்டாவுக்கு எதிராக முதல் வெற்றி. அப்போது அணியில் இருந்தவர்கள் பஃப்லின், பிளேக் வீலர், பிரையன் லிட்டில், டோபி என்ஸ்ட்ரோம். நான்கு பேரும் உங்கள் ஊரிலிருந்து வந்தவர்கள். என்ஸ்ட்ரோம் 2003 டிராஃப்டில் 239ஆவது தேர்வு. லிட்டில் 2006 முதல் சுற்று. உங்கள் கடைசி மாதங்களில் பாஸ்டனிலிருந்து வந்து சேர்ந்தவர் வீலர். அந்த வருடம் மேற்குப் பகுதி இறுதித் தொடர் வரை போனோம்.

கோல்கம்பி

நண்பரே, எழுதியதற்கு நன்றி. உண்மையைச் சொன்னால் 2018இல் நான் அந்த ஆட்டங்களைப் பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை. 239ஆவது தேர்வு பதினைந்து வருடம் ஒரே அணியின் சொத்தாக இருந்தார் என்றால், இங்கே யாரோ ஒருவர் சரியாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார். வாடெல் செய்த எல்லாமே தப்பு என்று நான் சொன்னதை அந்த ஒரு விஷயத்தில் திரும்பப் பெறுகிறேன்.

ரொறன்ரோ_பெடியன்

சவார்டை மறந்துவிட்டீர்கள். நீங்கள் ஊர் மாறுவது உறுதியான இரண்டு வாரத்தில் பாஸ்டன் கோப்பை ஜெயித்தது. சவார்ட் தலைக்காயத்தால் ஆட முடியாமல் இருந்தார், ஆனாலும் கோப்பையில் அவர் பெயரும் பொறிக்கப்பட்டது. வீலருக்குப் பதிலாகப் போன ரிச் பெவர்லியும் அந்த அணிதான். அட்லாண்டாவின் ஆட்கள் எங்கே போனாலும் கோப்பை இருந்தது.

நீலச்சட்டை

அதுதான் எனக்கு 2006 என்றேன். ஆட்கள் தப்பானவர்கள் இல்லை.

தாமரை அக்கா, கடைசி ஆட்டத்துக்குப் போனீர்களா? நான் ஊரில் இல்லை. யாராவது எழுதினால் படிக்க வேண்டும்.

தாமரை_டெகேட்டர்

போனேன். 2011 ஏப்ரல் 10, ஞாயிறு, பிட்ஸ்பர்க். மகனுக்கு அப்போது நான்கு வயது, அவனுக்கு அதுதான் முதல் ஆட்டம். கைமுழுக்க மேலிருந்து கீழாக அட்லாண்டா என்று எழுதிய நீலச்சட்டை வாங்கிக் கொடுத்திருந்தேன், அவனுக்கு முழங்கால் வரை வந்தது. ஆட்டம் தொடங்கும் முன் மேலே இருந்த அந்தப் பெரிய பறவைத் தலைகள் தீ கக்கியபோது காதைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அதைப் பார்க்கத்தான் கூட்டிப்போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

5–2 என்று தோற்றோம். நம் கடைசிக் கோலை அடித்தது டிம் ஸ்டேபிள்டன். அது கடைசி என்று யாரும் அறிவிக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்த பிறகும் கூட்டம் கலையவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கத்து இருக்கைப் பெரியவர் தன் இருக்கையின் முதுகை ஒரு முறை தட்டிவிட்டு, என் பையனின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மார்ட்டாவில் திரும்பி வரும்போது பையன் என் மடியில். அடுத்த ஆட்டம் எப்போது அம்மா என்று கேட்டான். அக்டோபரில் என்றேன்.